புதன்கிழமை மேட்ச்சுக்குப் போகாத இருவர்

இன்று மாலை நாலரைக்குக் கடலூரில் எங்கள் ஃபுட்பால் கிளப்புக்குக் கப் மேட்ச். "வராதவுங்க ரசிகரே இல்ல" என்று காலையில் வாட்ஸ்அப் குழுவில் எழுதியவள் நான்தான்.

நாலரைக்கு நான் சிதம்பரத்தில் ஆபீஸில் இருந்தேன். ஐந்தரைக்குத்தான் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். வார நடுவில் மேட்ச் வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டே இடம் தேடினேன்.

ஜன்னலோரம் எங்கள் கோல்கீப்பர் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டான்.

"கர்ச்சீப்ப எடு தம்பி. மேட்ச்சுக்குப் போகலியா?"

"கடையில லீவு குடுக்கலக்கா. நீங்க போகலியா?"

பக்கத்தில் உட்கார்ந்து, "அப்ப கோல்ல யாரு நிக்கிறாங்க?" என்றேன்.

"கோச்சுதான். அவருக்குக் குனியவே வராது. அஞ்சு கோலாவது வாங்குவோம்."

புதுச்சத்திரம் தாண்டும்போது அவன் போன் அடித்தது. கோச்சேதான். "ஒண்ணுக்கு ஜீரோ! ஜெயிச்சிட்டோம்டா! ஒரு பந்தக்கூட உள்ள விடல!" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

நான் கைதட்டினேன். அவன் தட்டவில்லை.

"ஞாயித்துக்கெழம மேட்ச்சுக்கும் தானே நிக்கிறேன்றாருக்கா" என்றான், முகம் தொங்கிப்போய்.

குழுவில் வெற்றியைச் சொன்னேன். இருபது பேர் உடனே ஹார்ட்டு போட்டார்கள். "கோல் அடிச்சது யாரு?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இங்கேயாவது சொல்லுங்கள்.