ஓரகத்தி காரில் இறங்கிய எங்கள் சீர்

கொழுந்தனார் புதுக் கார் வாங்கியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓரகத்தி அதில் உட்காரும் தோரணையைப் பார்க்க வேண்டுமே! எங்களுடையது பழைய கார். ஆயிலைக் குடித்து நீலப் புகை விட்டதால், பாலக்கோட்டில் எஞ்சினைப் பிரித்துப் புது பிஸ்டன் ரிங் போட்டோம்.

"ரிங்கு சிலிண்டர் செவுத்தோட தேஞ்சு, இடுக்கில்லாம ஒட்டி உக்காரணுங்க. அதுவரைக்கும் லோடு ஏத்தாதீங்க, வெரட்டாதீங்க" என்றார் மெக்கானிக்.

அந்த வாரமே அரூரில் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீராகத் தட்டுகள், பழக்கூடைகள், பெரிய பித்தளை அண்டா எல்லாவற்றையும் காரில் அடைத்துக் கிளம்பினோம். வழியில் ஓரகத்தியின் கார் எங்களை முந்தியது. அவள் கையாட்டினாள்.

"என்னங்க, மாட்டு வண்டியா ஓட்டறீங்க? மிதிங்க!" என்றேன். வீட்டுக்காரர் மிதித்தார். அவளை முந்தியபோது நானும் கையாட்டினேன்.

மொரப்பூர் தாண்டியதும் எஞ்சின் கொதித்து, நீலப் புகை கக்கி, வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஓரகத்தி இறங்கி, "அக்கா, ஏன் வெயில்ல நிக்கறீங்க? சீர நம்ம வண்டியில ஏத்துங்க" என்றாள். அந்தக் கரிசனத்தைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

மண்டபத்தில் அவள் காரிலிருந்து அண்டா இறங்கியதும், "சின்ன மாமன் வூட்டு சீரு எம்மாம் பெருசு!" என்று எல்லோரும் வாய் பிளந்தார்கள். அது நான் கடை கடையாக ஏறித் தேடிய அண்டா!

மறுபடியும் ரிங் மாற்றியிருக்கிறோம். அது நன்றாக உட்காரும்வரை காரை மெதுவாகவே ஓட்டுகிறோம், பாரம் ஏற்றுவதில்லை. விசேஷம் வந்தால் சீரோடு முதல் பஸ்ஸைப் பிடிக்கிறேன். ஓரகத்தி வருவதற்குள், நாலு பேர் பார்க்க, நானே இறக்கிவிடுகிறேன்.