ஏழு வருடமும் அவள் என்ன செய்தாள்?

“…அதெல்லாம் சரி, அந்த ஏழு வருஷமும் அவ என்ன செய்தவ?”

சாந்தி அக்கா என் காதுக்குள் குனிந்து கேட்டார்.

ஜெர்மனியில், ஹம் நகர நூலகம். போன மாதம், ஒரு சனிக்கிழமைக் காலை. ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியை ஒருவர் மத்தியகாலக் குதிரைவீரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இலவசம். பேச்சு முடிந்ததும் கேக்கும் கோப்பியும் உண்டு.

நானும் சாந்தி அக்காவும் அங்கே எப்படி? அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். ஆசிரியையின் தாயாரைக் குளிப்பாட்டி, தலை வாரி இழுத்து, சாப்பிட வைப்பது அவர்தான். “நீங்கள் கட்டாயம் வர வேண்டும்” என்று ஆசிரியை அழைத்திருக்கிறார். தனியாகப் போக வெட்கம். மேல் வீட்டுக்காரனான என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காரை ஓட்டி வந்தது அவருடைய கணவர் தவம் அண்ணை. தவம் அண்ணை வந்தது கேக்குக்கு.

ஒரு பழைய பாட்டில் இருந்து ஆசிரியை சொன்ன கதை இதுதான். ஒரு குதிரைவீரன். கல்யாணம் முடிந்த கையோடு புகழ் தேடிப் புறப்படுகிறான். மனைவி தன் சட்டைக் கையின் துணியைக் கிழித்துக் கொடுக்கிறாள். அதை ஈட்டியில் கட்டிக்கொண்டு ஏழு வருடம் சண்டை, காடு, அரக்கன், மறுபடியும் சண்டை. அவள் கோட்டை ஜன்னலில் நிற்கிறாள். அவன் திரும்பி வந்து அவள் முன் மண்டியிடுகிறான். கதை முடிந்தது.

எல்லோரும் தலையாட்டினார்கள். சாந்தி அக்காவுக்கு மட்டும் அந்த ஜன்னல் உறுத்தியது.

“என்னட்டைக் கேட்டு என்ன அக்கா? அங்க கேளுங்கோ” என்றேன்.

கையை உயர்த்தினார். கேட்டும் விட்டார்.

ஆசிரியை சிரித்தார். “நல்ல கேள்வி. பாட்டில் அது இல்லை. ஆனால் உண்மையில் கோட்டையின் திறப்புக்கோர்வை, அந்தச் சாவிக்கொத்து, அந்தப் பெண்களிடம்தான் இருந்தது. வேலையாட்கள், தானியம், வழக்கு எல்லாவற்றையும் பார்த்தது அவர்கள். எதிரி வந்தால் கதவைப் பூட்டிக் கோட்டையைக் காத்ததும் உண்டு. பாடியவர்கள் அவள் அழகைப் பாடினார்கள். வேலையைப் பாடவில்லை.” பிறகு அவர் திருப்பிக் கேட்டார். “நீங்கள் சொல்லுங்கள். அவள் என்ன செய்திருப்பாள்?”

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது தட்டு வந்ததும் ஆண்களின் பயணக் கதை தொடங்கும். எந்த எல்லையை எப்படிக் கடந்தோம், எந்த லொறிக்குள் ஒளிந்தோம், பனிக்குள் சப்பாத்து எப்படிக் கிழிந்தது… நானும் சொல்லுவேன். ஆனால் தவம் அண்ணைதான் அதில் மன்னன். கல்யாண எழுத்தை, பதிவை, மட்டும் முடித்து, தாலி கட்டாமலே புறப்பட்டவர். சாந்தி அக்கா யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் காத்திருந்தார். அண்ணையின் கதையில் அந்த ஐந்து வருடத்துக்கு ஒரே ஒரு வசனம் உண்டு: “மச்சான் பங்கர் வெட்டிக் குடுத்தவர், இவ பத்திரமா இருந்தவ.”

முப்பது வருடமாக அதே வசனம்.

சாந்தி அக்கா ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார். “அவள் சைக்கிள் ஓடப் பழகியிருப்பாள். மாமியாரைப் பின்னால் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. விமானம் குண்டு போடும் என்று முற்றத்தில் பதுங்குகுழி வெட்டியிருப்பாள். பக்கத்து வீட்டுப் பெண் மண் அள்ளிக் கொடுத்திருப்பாள். ஒன்பது நாள் எடுத்திருக்கும். கை கொப்புளித்துப் போயிருக்கும்.”

ஆசிரியை விழித்தார். கோட்டைக்கு விமானம் எங்கிருந்து வந்தது? ஒரு கணம்தான். பிறகு அவருக்குப் புரிந்தது. கையில் இருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தவம் அண்ணையைப் பார்த்தேன். பின்வரிசையில், முதல் ஆளாக எடுத்த கேக்குடன் இருந்தார். முள்ளுக்கரண்டி பாதி வழியில் நின்றது.

காரில் திரும்பினோம். இரண்டாவது சிக்னலில் அண்ணை வாயைத் திறந்தார்.

“பங்கர் மச்சான் வெட்டினதெண்டெல்லோ நான் நினைச்சன்?”

“என்ர தம்பி அப்ப கொழும்பில. அவனுக்கு மண்வெட்டி பிடிக்கவே தெரியாது.”

“ஏன் சாந்தி இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

கோபமில்லை அந்தக் குரலில். மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னார். அதுதான் எனக்கே சுட்டது.

பிறகு யோசித்தேன். நம்முடைய பழைய பாட்டுகள் மட்டும் என்ன? தலைவன் பொருள் தேடிப் போவான். தலைவி காத்திருப்பாள், மெலிவாள், வளையல் கழன்று விழும். ஒன்றில் நம்மவர்கள் பரவாயில்லை. அவளுக்குப் பேச ஒரு தோழியைக் கொடுத்தார்கள். ஆனால் அவள் பேசியதெல்லாம் அவனைப் பற்றித்தானே! பிந்தி வந்த நாவல்களோ கல்யாண மண்டபத்து வாசலிலேயே முடிந்துவிடும். அதன் பிறகுதானே ஐயா அவளுக்கு வேலையே தொடங்குகிறது? மண்டியிட்டு மரியாதை செய்ய நமக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து கேட்கத்தான் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் கேட்டேன். “நான் இஞ்ச வந்தாப் பிறகு, அங்க நீர் என்ன செய்தனீர்?”

“இப்பத்தான் ஞாபகம் வந்ததோ?” என்றார். அன்று எனக்குத் தேநீர் பிந்தித்தான் கிடைத்தது. கதையோ இன்னும் முடியவில்லை.

சரி, சாந்தி அக்காவுக்கு வருகிறேன். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழ் மூன்று கிழமையாக ஒரு படிவம் தொங்கியது. பொறுப்பாளர் படிப்புக்கான அன்மெல்டுங், பதிவுப் படிவம். ஒரு மாடி முழுவதையும் அக்காவிடம் ஒப்படைக்க இல்லத்தில் முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் ஒன்றரை வருடம், மாதத்தில் ஒரு கிழமை, திங்கள் முதல் வெள்ளி வரை, பிராங்பேர்ட்டில் தங்கிப் படிக்க வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள்.

தவம் அண்ணை வேண்டாம் என்று சொன்னதில்லை. “எனக்குச் சுகர். நான் தனிய எப்பிடி?” என்று மட்டும் சொன்னார். மகளும் படிப்புக்குக் கொலோன் போய்விட்டாள். அந்த ஒரு வசனத்திலேயே அக்காவின் பேனா நின்றுவிட்டது. அவருக்கு ஐம்பத்தாறு வயது. இனி ஒருமுறை கேட்பார்களா?

ஞாயிறு மத்தியானம் கறிவேப்பிலை வாங்கக் கீழே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை படிவத்தைக் கழற்றி மேசையில் விரித்து வைத்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். கையில் பேனா.

“சாந்தி, நான் எதில கையெழுத்து வைக்கிறது?”

அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். “இஞ்சருங்கோ, உங்கட கையெழுத்துக்கு அதில இடமே இல்லை.”

அண்ணை படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மைதான். ஒரே ஒரு கோடு. கோட்டையைத் திறந்துவிட வந்த வீரனுக்குக் கதவு முதலே பூட்டியிருக்கவில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது முகம். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேனாவைப் பிடிபக்கம் திருப்பி நீட்டினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே கையெழுத்து வைத்தார்.

படிப்பின் முதல் கிழமையும் இப்போது கடந்துவிட்டது. அக்கா புறப்பட்ட திங்கள் காலை ஸ்டேஷனில் அண்ணை தன் கழுத்து மஃப்ளரைக் கழற்றி அக்காவின் கழுத்தில் சுற்றிவிட்டார். “அங்க குளிரும்.” குதிரைவீரன் கதை அவருக்கு ஞாபகம் இருந்ததோ, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்காவை ஸ்டேஷனில் இருந்து கூட்டி வந்தது நான். அண்ணைக்கு அடுப்பில் வேலையாம். கதவைத் திறந்ததும் கருகிய பருப்பு மணம். மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை. பக்கத்தில் அண்ணை, விரலில் பிளாஸ்டருடன்.

“படிப்பு எப்பிடி? அறை எப்பிடி? என்ன படிப்பிச்சவை?” என்று அவர் அடுக்கத் தொடங்கினார்.

“அதைப் பிறகு சொல்லுறன். இந்த அஞ்சு நாளும் நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

கேட்டுவிட்டு, சாந்தி அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, சப்பாத்தையும் கழற்றாமல் உட்கார்ந்து, போனை அணைத்துவிட்டு, பருப்புக் கருகிய கதையை முதலில் இருந்து கடைசி வரை கேட்டார்.