பெஞ்சில் வைத்த பைபிள்

முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. ஆனாலும் எங்கள் சபையில் இலவச பைபிள் கொடுக்க என்னையும் அனுப்பிவிட்டார்கள். லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப்பில் வெகுநேரம் நின்றும் ஒருவரிடமும் நீட்ட முடியவில்லை. முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? கடைசியில் ஒரு பைபிளைப் பெஞ்சில் வைத்தேன். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விறுவிறுவென நடந்துவிட்டேன்.

பின்னாலேயே ஓர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவரின் கையில் அந்த பைபிள்.

"இன்னாக்கா, சாமி புக்க விட்டுட்டுப் போறீங்க! கூப்புடக் கூப்புட ஓடுறீங்களே!"

"மறந்துட்டுப் போகலைங்க. யாராச்சும் எடுத்துக்கட்டும்னுதான் வெச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். "கையில குடுக்க வேண்டியத பெஞ்சுல வெச்சா, தொலைச்சிட்டாங்கன்னுதான்க்கா நெனப்பாங்க."

என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். "உங்களுக்கு வேணுங்களா?"

அவர் செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, பைபிளை விரித்துப் பார்த்தார்.

"தமிழா? வேணாம்க்கா. பேசத்தான் வரும். இந்த ஊரு ஸ்கூல்ல படிச்சதெல்லாம் கன்னடம். படிக்கிறவங்களுக்குக் குடுங்க." கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டோ போனபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் பயந்துகொண்டிருந்த அந்த 'வேண்டாம்' இதுதான். அதைக் காதால் கேட்டும் விட்டேன், வலிக்கவில்லை. ஒரு மனிதரோடு நின்று பேசிய சந்தோஷம்தான் இருந்தது. பைபிளோடு பஸ் ஸ்டாப்புக்கே திரும்பி நடந்தேன்.