முன் சக்கரத்துக்கு ஒரு டயர்

கண்ணுகளா, போன வாரம் உங்கள் சைக்கிளுக்கு டயர் மாற்றும்போது, நல்ல டயர் முன்னால்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்பாவுக்கு என்ன கிறுக்கு என்று சிரித்தீர்கள். அந்தக் கிறுக்கு எப்படி வந்தது என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நீங்கள் பிறப்பதற்கு முன்பு, ஏற்காட்டில் நடந்தது இது. டவுன் பேக்கரியிலிருந்து ரொட்டியும் பன்னும் கட்டிக்கொண்டு போய் செம்மநத்தம் டீக்கடைகளுக்குப் போடுவது என் பிழைப்பு. கரடியூரிலிருந்து டவுனுக்குப் பால் கொண்டுவரும் அண்ணன் ஒருவர் இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை, தினமும் எதிரெதிரே பெல் அடித்துப் பழகிய பழக்கம்தான். மழை பிடித்துக்கொண்டால் தன் மேலே போர்த்திய பிளாஸ்டிக் தாளை என் ரொட்டி மூட்டைமேல் போட்டுவிட்டு, நனைந்துகொண்டே போவார்.

எங்கள் இருவரிடமும் தடித்த சக்கரம் வைத்த மலை சைக்கிள் இருந்தது. டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு லாட்ஜில் பழசைக் கழித்தபோது, சேர்ந்து போய் வாங்கினோம். அதனால் டயரும் சேர்ந்தே தேய்ந்தது.

எந்த டயர் போடுவது என்பதில்தான் குழப்பம். முழுக்கப் பட்டன் மாதிரி ரப்பர் குமிழ் வைத்த டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தார் ரோட்டில் மிதிக்க மிதிக்கக் கால் ஓய்ந்துவிடும். வழவழ டயர் தாரில் பறக்கும், மண் பாதையில் கவிழ்த்துவிடும். எங்களுக்கோ பாதி தார், பாதி மண். டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய்தான் ஒரு வழி சொன்னார். நடுவில் தொடர்ச்சியாக ஒரு பட்டை, இரண்டு ஓரத்திலும் பட்டன் உள்ள டயர் இரண்டு ரோட்டுக்கும் ஆகும் என்று சொல்லி, சேலத்திலிருந்து வரவழைத்தார். வந்தது ஒரே ஒரு சோடி.

"ஏனுங்க பாய், ஒரு சோடிய வெச்சு நாங்க ரெண்டு பேரும் என்ன பண்றதுங்க?" என்றேன்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாஞ் சாமி. அடுத்தது வர்ற வரைக்கும் ஓடும்ல" என்றார் அண்ணன்.

பாய் டயரைத் தரையில் உருட்டியபடி, "அப்பிடின்னா முன்னாடி போடுங்க. பின்னாடி வழுக்குனா காலை ஊனிக்கலாம். முன்னாடி வழுக்குனா ஊன நேரம் இருக்காதுங்க" என்றார்.

"பால் கேனு பின்னாடிதான பாய் இருக்குது? முன்னாடி என்ற மீசை மட்டுந்தான இருக்குது!" என்று அண்ணன் மீசையைத் தடவினார்.

"அந்த மீசைக்குத்தான் சொல்றேனுங்க!"

கடையே சிரித்தது. மலையில் பாரம் ஏற்றுகிற எல்லோருமே அப்போது நல்ல டயரைப் பின்னால்தான் போடுவார்கள். பாரம் அங்கேதானே அழுத்துகிறது? அண்ணனும் பின்னால் போட்டார். என் பின் டயர் இன்னும் கொஞ்சம் ஓடும் போலிருந்ததால் நான் முன்னால் போட்டுக்கொண்டேன். இரண்டே நாளில் எனக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. வளைவுகளில் ஹேண்டில் சொன்னபடி கேட்டது. அண்ணனிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் வயதில் பெரியவர், நான் பிறப்பதற்கு முன்பே மலையில் சைக்கிள் மிதித்தவர். அவருக்கு நான் சொல்வதா என்று பெல் மட்டும் அடித்துவிட்டுப் போனேன்.

ஐப்பசி மழை. எங்கள் இருவருக்கும் பொதுவான தார் ரோட்டில் ஒரு வளைவு. சில்வர் ஓக் மரத்து இலைகள் நனைந்து ரோடு முழுக்க ஒட்டிக் கிடந்தன. நான் ஏறிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கி வந்தார். பெல் அடிக்கக் கையைக் கொண்டுபோனார். முன் சக்கரம் அப்படியே பக்கவாட்டில் போய்விட்டது. பின்னால் இருந்த புது டயர் கடைசி வரை ரோட்டை விடவே இல்லை.

ஓடிப்போய்த் தூக்கினேன். ரோடெல்லாம் வெள்ளை. "பாலு பூரா போயிருச்சா சாமி?" என்று கேட்டார். தன் முழங்கால் திரும்பிக் கிடப்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தார்.

எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனோம். கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கால் மடங்கவில்லை. மடங்காத காலால் எப்படி மிதிப்பது? மாட்டை விற்றுவிட்டு, சேலத்தில் மச்சான் வீட்டுப் பக்கம் குடும்பத்தோடு இறங்கிவிட்டார். கிளம்புகிற அன்று பஸ் நிற்கும் இடத்தில், கையில் அந்தப் பின் டயரோடு எனக்காகக் காத்திருந்தார்.

"சோடி பிரிய வேண்டாங் கண்ணு, நீயே போட்டுக்க. பாய் சொன்னது நெசந்தான்" என்று சிரித்தார்.

எனக்கும் அது தெரியும் அண்ணா என்று அப்போதும் சொல்ல முடியவில்லை. பெரியவர்களுக்கு மரியாதை கொடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் ஒருவர் கீழே விழப்போகிறார் என்று தோன்றினால், அவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், மறுபடியும் சொல்லுங்கள். நான் சொல்லாமல் போன அந்த ஒரு வார்த்தை இன்னமும் என்னோடுதான் இருக்கிறது.

அண்ணன் பஸ் ஏறிய மறுநாள் விடிந்ததும் அந்த டயரைப் பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு ரொட்டியோடு கிளம்பினேன். வளைவு வந்தது. இப்போது இரண்டும் நல்ல டயர், வழுக்காது என்று தெரியும். இருந்தும் இறங்கினேன். யாரும் இல்லை. ஈர இலைகளைச் செருப்பால் ஓரமாகத் தள்ளிவிட்டு, வளைவு முடிகிற வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.