ஐ.ஆர். போதும் என்றவரைத் தேடி ஏற்காட்டுக்கு

போன சனிக்கிழமை ஏற்காடு போனேன். ஏரியில் படகு விட அல்ல, என் ஆய்வேட்டில் ஒரு கையெழுத்து வாங்க. என் வழிகாட்டிப் பேராசிரியர் விடுமுறைக்குக் கிளியூரில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை ஏட்டைக் கொடுக்கக் கடைசி நாள்.

காலை 7.10-க்குச் சேலத்தில் பஸ், குப்பனூர் வழி. டிக்கெட் 35 ரூபாய். 8.50-க்கு ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கினேன்.

"ஏனுங்க, குப்பனூர் வழியா வந்தீங்களா, கொண்டை ஊசி ரோட்டுலீங்களா?" என்றார் ஆட்டோக்கார ரபீக் பாய்.

"நீங்களே சொல்லுங்களேன்."

"எறங்கி நிக்கறவங்களப் பாத்து எப்படீங்க சொல்றது? டிக்கெட்டக் காட்டுங்க."

சிரித்துக்கொண்டே ஏறினேன். எனக்கும் பேராசிரியர் ஐயாவுக்கும் நடக்கும் சண்டையும் அதுதான்: வந்து நிற்பதை மட்டும் பார்த்து எல்லாம் சொல்லிவிட முடியுமா? எலுமிச்சைப் புல் எண்ணெயில் இருக்கும் சிட்ராலோடு ஹைட்ரஜனைச் சேர்த்துச் சிட்ரொனெல்லோல் செய்ய முயன்றேன். ஐ.ஆர். என்கிற அகச்சிவப்பு நிறமாலை எடுத்தோம். சிட்ராலின் கார்பனைல் பீக் போயிருந்தது, ஆல்கஹாலுக்கான ஓ.எச். பீக் வந்திருந்தது. ஐயா குப்பியை முகர்ந்தார், ரோஜா வாசம். சிட்ரொனெல்லோல் என்று தீர்ப்பு எழுதி, கருத்தரங்கிலும் பேசிவிட்டார். ஆனால் ஜெரானியோலும் ஆல்கஹால்தான், அதற்கும் ரோஜா வாசம்தான். அதில் இரட்டைப் பிணைப்பு ஒன்று கூடுதல், அவ்வளவே. அதை ஐ.ஆர். எண்ணிச் சொல்லாது. நானாகவே என்.எம்.ஆர். என்கிற காந்த ஒத்ததிர்வுச் சோதனைக்கு அனுப்பினேன். 5.4-இல், அந்தக் கூடுதல் பிணைப்பில் இருக்கும் ஒரு ஹைட்ரஜனுக்கான பீக் நின்றது. சிட்ரொனெல்லோல் என்றால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

கிளியூர் வீட்டில் ஐயா அந்த என்.எம்.ஆர். தாளைப் பார்த்தார், கீழே வைத்தார். "ஏங் கண்ணு, வாசம் நொம்ப நல்லா வந்துச்சே? ஐ.ஆர். போதும். பேர மாத்தாத, கையெழுத்துப் போடறேன்."

"ஆல்கஹால்னு சொல்ல ஐ.ஆர். போதுங்கய்யா. எந்த ஆல்கஹால்னு சொல்லப் போதாதுங்க." பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டி ரபீக் பாய் சொன்னதையும் சொன்னேன்.

"நாலு பேருக்கு முன்னால என்னப் பொய்யனாக்கறயா?"

"பொய்யில்லீங்க, தப்புங்க. திருத்திக்கலாங்க."

கையெழுத்துப் போடாமல் ஆய்வேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். 11.30 பஸ்ஸில் கோபத்தில் அழுதுகொண்டே மலை இறங்கினேன்.

ஏற்காடு போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவர்களுக்கு: எந்த வகைச் சேர்மம் என்று பார்க்க முதலில் ஐ.ஆர். மூலக்கூறு எடைக்கு மாஸ் நிறமாலை, இங்கே 154-ஆ (ஜெரானியோல்) 156-ஆ (சிட்ரொனெல்லோல்) என்று அதுவும் காட்டிக்கொடுத்திருக்கும். எந்த ஹைட்ரஜன் எங்கே என்றால் என்.எம்.ஆர். கேள்வி என்ன என்று முடிவு செய்துவிட்டுக் கருவியைத் தேடுங்கள். மூக்கை நம்பாதீர்கள், அது பேராசிரியர் மூக்காக இருந்தாலும்.

திங்கட்கிழமை கையெழுத்தில்லாத ஏட்டை நீட்டினேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். இனி அடுத்த தவணைதான், ஆறு மாதம் போச்சு. போகட்டும். அன்று சாயங்காலமே குப்பியில் ஒட்டியிருந்த பெயரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, ஜெரானியோல் என்று பெரிதாக எழுதி ஒட்டினேன்.