கணினியில் வெந்த கட்டி

அக்காவுக்கு மார்பில் புற்றுக்கட்டி என்று தெரிந்தபோது நான் கோயமுத்தூரில் ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்மேல் ஒளி பட்டால் அது எவ்வளவு உறிஞ்சும், எவ்வளவு சூடாகும், அந்தச் சூட்டில் பக்கத்திலிருக்கும் புற்றுநோய்ச் செல் வேகுமா என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் என் வேலை. நிஜத் துகளை ஒருமுறைகூடக் கையாண்டதில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த சமயம் அக்கா வீட்டுக்கு, முதலிபாளையம் போனேன். அக்கா பனியன் கம்பெனியில் டெய்லர். அவள் வீட்டுக்காரரான மாமாவுக்கு அங்கேயே, சரக்கு வாங்குகிற பையருக்குச் சாம்பிள் அனுப்பி ஆர்டர் பிடிக்கிற வேலை. அக்கா பயத்தில் சோறே தொடவில்லை. பேச்சை மாற்றலாமே என்று லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். குச்சி போல ஒரு துகள், அதன் இரு முனையிலும் ஒளி குவிந்து சிவப்பாகத் தெரிந்தது.

“இதுல கட்டி வெந்துருமா கண்ணு?”

“கம்ப்யூட்டர்ல வேகுதுக்கா. ஆஸ்பத்திரிக்கு வர எத்தனையோ வருசமாகும்.”

“சாம்பிள் ஓகே ஆயிருச்சல்ல, அப்பறமென்ன!” என்றார் மாமா. விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சாம்பிள் ஓகே ஆனால் அடுத்த மாதமே மொத்தச் சரக்கும் பல்க்காகத் தைத்து ஓடுகிற ஊர் இது. கெடு கேட்டால் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். நான் சொன்ன வருஷங்களையும் மனிதர் அப்படித்தான் சில மாதமாகக் குறைத்து எடுத்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். போனில் கேட்டதற்கு நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

ஆறேழு மாதம் கழித்துத் தீபாவளிக்குப் போனபோதுதான் தெரிந்தது. அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

“துணிய நாமளே குடுத்தா, கூலிக்குத் தெச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க்குல மொதல்ல நம்ம வேலையத்தான எடுப்பாங்க? இந்தத் தங்கத்தை உன்ற லேப்புல குடுத்துரு கண்ணு. அறுக்காமயே எனக்குச் செரியாயிரும்.”

“ஏனுங்க மாமா, கிறுக்கா புடிச்சிருக்குது உங்களுக்கு? அது வெறும் படமுங்க! கணக்குங்க!” என்று கத்தினேன். மாமாவுக்குப் பதிலாக அக்காதான், “இத்தனை படிச்சிருக்கறே, நீ போட்ட கணக்குப் பொய்யாவா போகும்?” என்றாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவி, நம்பித் தொலைத்துவிட்டாளே!

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டர், நுரையீரலுக்குப் பரவிவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்றும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். துகளின் நீளத்தை மாற்றுகிறேன், ஒளியை மாற்றுகிறேன். யாருக்காக என்று நினைத்தால் லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கிறது.

நேற்று அக்கா போன் செய்தாள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

“நொரையீரலுக்கும் ஒரு கணக்குப் போடு கண்ணு. அது ஆகற வரைக்கும் நான் எப்படியாச்சும் இருந்துக்கறேன்.”

முடியாதுக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “செரிக்கா” என்றுதான் வந்தது.