றோஸ்மேரியும் பலூனும்

பிஸ்கட்டை நான்காக உடைத்து, ஒரு துண்டை மட்டும் வாயில் போட்டு, அது கரைந்து ஒன்றுமில்லாமல் போகும்வரை மென்றுகொண்டே றோஸ்மேரி சொன்னார்: "கண்ணாடியிலை இல்லைப் பிள்ளை, கழுத்தைத் திருப்பிப் பின்னாலை பார்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த துஷாந்தினி கழுத்தைத் திருப்பினாள். மொன்றியலின் வில்லரே பகுதித் தெரு ஒன்றில், நிறுத்தியிருந்த இரண்டு வாகனங்களுக்கு நடுவே கார் அங்குலம் அங்குலமாகப் பின்னுக்குப் போனது. பின்சில்லு நடைபாதையில் ஏறி, தடாலென்று இறங்கியது. றோஸ்மேரி அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது துண்டை எடுத்தார். "ஒருத்தரும் சாகேல்லைத்தானே. திருப்பிச் செய்."

றோஸ்மேரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர், மொன்றியலில் தமிழ்ப் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குவது தொழில். "மெற்றோவுக்குள்ளை கிடந்த பொம்பிளையளை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது நான்தான்" என்பார். அதில் பெரிய பொய் இல்லை. ஆனால் அவருடைய கணவர் அரியரத்தினத்துக்கு இன்றைக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஏன் என்று கேட்டால், "இவரைப் பழக்கியிருந்தா லைசன்ஸ் வர முந்தி டிவோஸ் வந்திருக்கும்" என்று பதில் வரும். அரியரத்தினம் அதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

றோஸ்மேரியின் பிரெஞ்சு தெருவோடு நின்றுவிடும். நிறுத்தம், திருப்பம், முன்னுரிமை, தண்டம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வயிறு, குடல், புண் என்று வந்தால் வாய் அடைத்துப்போகும். நோய் வந்ததோ அந்த இடத்தில்.

முதலில் கண்டுபிடித்தவர்கள் பழக வந்த பெண்கள்தான். அவர்கள் கொண்டுவரும் ரோல்ஸையும் பற்றிஸையும் முன்பெல்லாம் காரிலேயே முடித்துவிடுகிறவர், "பேந்து சாப்பிடுறன்" என்று பைக்குள் வைக்கத் தொடங்கினார். ஒருநாள் துஷாந்தினியை மூலைக்கடைக்கு முன்னால் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினார். திரும்பி வந்து வாயைத் துடைத்தபடி, "காலமை திண்ட பிட்டு. பின்னேரமாச்சு, அப்பிடியே வருது. வெங்காயத்தைக்கூட அடையாளம் தெரியுது" என்றார். பிறகு, "சிக்னலைப் போட்டிட்டு எடு" என்றார்.

அமிலம் என்று ஒரு வைத்தியர் மாத்திரை கொடுத்தார். கிருமி என்று இன்னொருவர் வேறு மாத்திரை கொடுத்தார். உடம்பு மெலிந்துகொண்டே போயிற்று. கோயிலில் கண்டவர்கள், "என்ன டயட் றோஸ்மேரி?" என்று ஆசையோடு கேட்டார்கள். கடைசியில் வாய்வழியாகக் கமரா விட்டு, சதையில் துளி எடுத்துச் சோதித்து, இது குடலைப் புண்ணாக்கும் குரோன் நோய் என்றார்கள்.

பெயரைக் கேட்டதும் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. ரொறன்ரோவில் ஒரு மச்சாளுக்கு அதே நோய். அவளுக்கு நாள் முழுக்க வயிற்றாலை போகும். "எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே, பேந்து எப்பிடி அதே வருத்தம்?" வாயிலிருந்து குடலின் கடைசிவரை எங்கும் வரலாம், சிலருக்கு மேலே, வயிற்றுப் பக்கம் வரும் என்றார் கமரா விட்ட பெண் வைத்தியர். அழற்சியைத் தணிக்க ஊசி எழுதிக் கொடுத்தார். இதையெல்லாம், தூரத்தில் ஷெர்புரூக் நகரில் வேலை பார்க்கும் மகள் நிருஷா தொலைபேசியில் பிரெஞ்சில் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, உங்கடை வயிறு சின்னனாப் போச்சாம்."

வைத்தியர் சொன்ன வார்த்தைக்கு நிருஷாவுக்குத் தெரிந்த தமிழில் அதுதான் கிட்டிய சொல். றோஸ்மேரி அதை அப்படியே நம்பினார். சாப்பிடாமல் விட்டதால்தான் வயிறு சுருங்கிவிட்டது, சாப்பிட்டால் விரியும். வீட்டுக்கு வந்தார், அரியரத்தினம் சமைத்த சோற்றையும் கணவாய்க் கறியையும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். அடுத்த நாளும் சாப்பிட்டார். மூன்றாம் நாள் வயிறு பறைபோல ஊதி, தண்ணீர்கூட இறங்காமல், அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலியாக்கினார்கள்.

வைத்தியர் படம் கீறிக் காட்டினார். வயிறு சுருங்கவில்லை, மாறாக வீங்கிக் கிடக்கிறது. வயிறு முடிந்து சிறுகுடல் தொடங்குகிற வளைவில் புண் வந்து, ஆறி, தழும்பாகி, வழி பென்சில் அளவாகிவிட்டது. அந்த இடத்துக்குக் கமராவோடு ஒரு பலூனை அனுப்பி விரிப்போம் என்றார்.

"பலூனை உள்ளுக்கை விட்டிட்டு வருவினமோ? கேள் பிள்ளை."

தொலைபேசியில் இருந்த நிருஷா கேட்டாள். "இல்லையாம் அம்மா. தண்ணியாலை ஊதி, கொஞ்சநேரம் பிடிச்சு, திருப்பி எடுக்கிறதாம்."

"வெடிச்சா?"

"பலூன் வெடிக்காதாம்." மறுமுனையில் அவள் பிரெஞ்சில் இன்னும் ஏதோ கேட்டாள். "குடல் கிழியலாமாம். கனபேருக்கு இல்லை. கிழிஞ்சா ஒப்பரேஷனாம்."

"அப்ப நல்லதோ கெட்டதோ?"

"நல்லதெண்டுதான் சொல்லுறா அம்மா. நான் சரியாத்தான் சொல்லுறன்." மகள் அழத் தொடங்கிவிட்டாள்.

பலூன் விட்ட நாளில், தொண்டைக்கு அடித்த மருந்தில் வாழைப்பழ வாசம் வந்ததும், தலைக்குமேலே யாரோ ஹொக்கி விளையாட்டைப் பற்றிக் கதைத்ததும் மட்டும் அவருக்கு நினைவிருக்கிறது. அந்தக் கிழமை சூப் குடித்தார். அடுத்த கிழமை மீனும் சோறும். ஒன்றும் திரும்பி வரவில்லை. துஷாந்தினியின் ரோல்ஸைக் காரிலேயே முடித்தார். "கதவு திறந்திட்டுது பிள்ளை" என்று எல்லோருக்கும் சொன்னார். கதவு திறந்த பிறகு ஊசி எதற்கு? தொடையில் போட வேண்டிய அந்த ஊசிகள், குளிர்ப்பெட்டியில் தயிருக்குப் பின்னால் கிடந்தன. அரியரத்தினம் ஒருதரம் கேட்டார். "சுகமானவளுக்கு மருந்தோ?" என்றார் றோஸ்மேரி.

முதல் பனி விழுந்த கிழமை, காலையில் தின்ற பாண் பின்னேரம் வெளியே வந்தது.

இந்த முறை மகளும் நேரே வந்து பக்கத்தில் இருந்தாள். பலூன் தழும்பை விரிக்கிறது, ஊசி புண்ணை ஆற்றுகிறது. இரண்டும் வேறு வேறு வேலை என்று வைத்தியர் மெதுவாகச் சொன்னார். றோஸ்மேரி நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்: "நான் ஊசியை விட்டதாலைதான் திருப்பி மூடினதோ?"

நிருஷா கேட்டுவிட்டுத் தாயின் கையைப் பிடித்தாள். "அப்பிடிச் சொல்லேலாதாம். அதில்லை எண்டும் சொல்லேலாதாம். ஊசி போட்ட ஆக்களுக்கும் திருப்பி வாறதாம்."

"உதென்ன கதை? ஓமெண்டு சொல்லச் சொல்லு, இல்லாட்டி இல்லையெண்டு சொல்லச் சொல்லு."

வைத்தியருக்குத் தமிழ் விளங்கவில்லை, முகம் விளங்கியது. தன் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். சொன்னதையே இன்னும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

இரண்டாவது பலூன் கொஞ்சம் பெரியது. மயக்க மருந்து போடுவதால் அன்றைக்கு ஓட்டக்கூடாது, யாராவது கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். நிருஷாவுக்கு வேலை. அரியரத்தினத்தின் கதை தெரிந்ததே. அந்த மாதம்தான் லைசன்ஸ் எடுத்த துஷாந்தினி, "நான் வாறன் அக்கா" என்றாள். றோஸ்மேரி ஒரு நிமிடம் யோசித்தார். "பனிக்குப் போடுற சில்லு மாத்தினியோ?" என்று மட்டும் கேட்டார்.

பலூன் வைத்து முடிந்தது. கிழியவில்லை. வைத்தியர் கட்டிலருகே வந்து, நன்றாக விரிந்தது, அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் விரிக்கலாம் என்றார். எத்தனை தடவை என்று றோஸ்மேரி தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தானே கேட்டார். "பார்ப்போம் மதாம்" என்று வைத்தியர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

"படிச்ச மனுசி, பார்ப்போம் எண்டுறா" என்று கணவரிடம் சொன்னார். கோபமாகச் சொன்னாரா, ஆச்சரியமாகச் சொன்னாரா என்று அரியரத்தினத்துக்குப் பிடிபடவில்லை. றோஸ்மேரிக்கே பிடிபடவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தார். வெளியே இருந்து ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி இருந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து துஷாந்தினி காரை எடுத்தாள். அரியரத்தினம் பின்னால் இருந்தார். டெக்காரி நெடுஞ்சாலைக்குள் இறங்கும் வழியைச் செம்மஞ்சள் கூம்புகள் அடைத்திருந்தன. மாற்றுவழி என்று ஓர் அம்பு வலப்பக்கம் காட்டியது. இன்னோர் அம்பு இடப்பக்கம் காட்டியது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.

"அக்கா, எந்தப் பக்கம்?"

றோஸ்மேரி இரண்டு அம்புகளையும் பார்த்தார். "எனக்கும் தெரியேல்லைப் பிள்ளை. பார்ப்போம், நீ எடு."

துஷாந்தினி திடுக்கிட்டுத் திரும்பினாள். றோஸ்மேரி கையை ஆசனத்தின் பக்கவாட்டில் விட்டு நெம்புகோலை இழுத்தார். ஆசனம் பின்னுக்குச் சாய்ந்தது. வண்டி இன்னும் திரும்பவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.